எழுத்து வாசிக்க எந்தப் பேனல்?

மெய்ப்புத் திருத்துகிறவர், மொழிபெயர்ப்பாளர், டிடிபி ஆபரேட்டர், ஆய்வு மாணவர், கணக்கர் ஆகியோர் நாள் முழுக்க மானிட்டரில் பார்ப்பது எழுத்தைத்தான். ஆனால் மானிட்டர் கடையில் ஓடவிட்டிருப்பது கடலடி மீன்களும் பூக்களும் நிறைந்த வீடியோ. அந்த வீடியோவில் கண்ணைப் பறிக்கும் திரை, எட்டு மணி நேரம் எழுத்து வாசிக்கவும் தோதாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை. திரையில் வாசித்துப் பிழைக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். படத்தின் தரம் பற்றியும் உண்டு, ஆனால் எழுத்துக்குப் பிறகே.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனல் வகை முக்கியம்தான். ஆனாலும் வாசிப்புக்கு அது மூன்றாவது கேள்வி. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் இருக்கின்றன என்பது முதல் கேள்வி. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது திரை சீராக எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா என்பது இரண்டாவது. இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு டிஎன், ஐபிஎஸ், விஏ, ஓலெட் என்ற பெயர்களுக்கு வரலாம். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. ஐபிஎஸ் என்று கேட்டு வாங்கியும் கண் எரிகிறதே என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

பிக்சலும் தமிழ் எழுத்தும்

தமிழ் எழுத்து நிறையப் பிக்சல் கேட்கும். ரோமன் எழுத்துகளில் பல, நேர்க்கோடுகளாலேயே முடிந்துவிடும். நம்முடைய 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு சுழி. 'வி'யையும் 'வீ'யையும் பிரிப்பது மேல்விலங்கின் நுனியில் உள்ள ஒரு சிறு சுழிப்பு. 'கெ'யும் 'கே'யும் கொம்பில் மட்டும் வேறுபடுகின்றன. 'எ'வும் 'ஏ'வும் அடியில் இழுக்கும் ஒரு சின்னக் கோட்டில் வேறாகின்றன. மெய்யெழுத்தை மெய்யெழுத்தாக்கும் புள்ளியோ, சிறிய அளவில் ஒன்றிரண்டு பிக்சலில் அடங்கிவிடும்.

விண்டோஸில் இயல்பான அமைப்பில் 12 பாயின்ட் எழுத்துக்கு 16 பிக்சல் உயரம் ஒதுக்கப்படுகிறது. மேலும் கீழும் கொம்பு, கொக்கி, புள்ளிக்கு இடம் விட்டால், எழுத்தின் உடலுக்கு ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அந்த எட்டு ஒன்பது பிக்சலுக்குள் 'ணை' என்ற எழுத்தின் எல்லா வளைவுகளையும் அடைக்க வேண்டும். சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை இடைவெளி சாம்பல் நிறமாகிவிடுகிறது. வாசிக்கிறவர் எழுத்தைக் கண்ணால் பிரிப்பதை விட்டு, இந்த இடத்தில் இந்தச் சொல்தான் வரும் என்று ஊகித்துப் போகிறார். கதை படிக்கும்போது இது தெரியாது. மெய்ப்புத் திருத்தும்போது 'பணி' எங்கே, 'பனி' எங்கே என்று முகத்தைத் திரையருகே கொண்டுபோக வேண்டிவரும். கழுத்து வலி அங்கே தொடங்குகிறது.

கணக்கைப் பார்ப்போம். 24 அங்குலத்தில் 1920-க்கு 1080 பிக்சல் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1920-க்கு 1080-ஐ 27 அங்குலத்தில் பரப்பினால் 82-க்கு இறங்கிவிடும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 இருந்தால் 109. அதே 27 அங்குலத்தில் 3840-க்கு 2160, அதாவது 4கே இருந்தால் 163. சாதாரண 15.6 அங்குல லேப்டாப்பில் 1920-க்கு 1080 என்பதே 141 வந்துவிடுகிறது. லேப்டாப்பில் தெளிவாகத் தெரிந்த எழுத்து, புதிதாக வாங்கிய பெரிய மானிட்டரில் பிசிறுகிறதே என்று திகைப்பவர்களுக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது.

குறைபாடில்லாத கண், கோண அளவில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 60 செ.மீ. தூரத்தில் அது 0.17 மி.மீ. 27 அங்குலத்தில் 1080 வரி கொண்ட திரையின் ஒரு பிக்சல் 0.31 மி.மீ.; அதன் படிக்கட்டு விளிம்பைக் கண் கண்டுபிடித்துவிடும். 4கே திரையின் பிக்சல் 0.156 மி.மீ.; கண் பிரிக்கும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. அங்கே 'ண'வின் மூன்று சுழிகளும் அச்சில் இருப்பதைப் போலவே தெரியும்.

எனவே வாசிப்புக்கென்று வாங்குகிறவர்கள் 27 அங்குல 1080 மானிட்டரைத் தொடவே வேண்டாம், பேனல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி. பணம் குறைவு என்றால் 24 அங்குல 1080 போதும். எழுத்தை 120, 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் 27 அங்குல 1440. தினமும் ஆறேழு மணி நேரம் தமிழ் வாசிப்பதே தொழில் என்றால் கடன் வாங்கியாவது 27 அங்குல 4கே என்பேன். விண்டோஸில் அளவை 150 சதவீதத்தில் வைத்தால் எழுத்து 1440 திரையில் உள்ள அதே பருமனில் இருக்கும். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டேகால் மடங்கு பிக்சல் கிடைக்கும்.

4கே வாங்குகிறவர்கள் கேபிளையும் கணினியின் வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே திரை விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். சுட்டி இழுத்தடிக்கும், பக்கத்தை உருட்டினால் எழுத்து கலங்கும். 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும்.

மென்பொருள் பக்கமும் ஒன்று உண்டு. பெரும்பாலான திரைகளில் ஒவ்வொரு பிக்சலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பட்டைகளால் ஆனது. 1998-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப், இந்தப் பட்டைகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பை மூன்றில் ஒரு பிக்சல் அளவுக்கு நுணுக்கமாக வரைகிறது. 92 பிக்சல் திரையில் தமிழ் படிக்க முடிவதற்கு இது பெரிய உதவி. விண்டோஸ் தேடல் பெட்டியில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சரிசெய்யும் கருவி திறக்கும். புது மானிட்டரைப் பொருத்திய அன்றே அதை ஓட்டிவிடுங்கள். ஆப்பிள் தன் மேக் கணினிகளில் இந்த உத்தியை 2018-ல் வந்த மொஹாவே பதிப்போடு விலக்கிவிட்டது. மேக் வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த பிக்சல் மானிட்டர் மங்கலாகத் தெரிவது அதனால்தான். அவர்கள் அடர்த்தியான திரைக்கே போக வேண்டும்.

விட்டு விட்டு எரியும் வெளிச்சம்

எல்சிடி திரையின் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரிகிறது. அதன் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, மின்னோட்டத்தையே குறைப்பது. மற்றது, விளக்கை விநாடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து எரிப்பது. இரண்டாவது முறைக்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பாடப்புத்தகப் பெயர். பிடபிள்யூஎம் என்றால் தொழிலில் உள்ள எல்லோருக்கும் புரியும். கண்ணுக்கு அது சிமிட்டலாகத் தெரியாது, மங்கலான சீரான வெளிச்சமாகவே தெரியும். ஆனாலும் சிலருக்கு ஒரு மணி நேரத்தில் நெற்றி வலிக்கும், கண் கூசும். எல்லோருக்கும் வராது. வருகிறவர்களுக்கு அது மிகப் பெரிய தொல்லை.

இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. முழு வெளிச்சத்தில் வைத்தால் விளக்கு அணைவதே இல்லை. கண் வலிக்கிறது என்று வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் கூடுகிறது. ஆக, நிவாரணம் தேடிச் செய்யும் காரியமே வலியைக் கூட்டுகிறது. வெளிச்சத்தைக் குறைத்தும் குணமில்லை என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

சோதிப்பது எளிது. அறை விளக்கை அணைத்து, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மானிட்டரின் வெளிச்சத்தைக் கால் பங்குக்குக் குறையுங்கள். திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே புகைப்படலமாகத் தெரிந்தால் விளக்கு சீராக எரிகிறது. தனித்தனிப் பென்சில்கள் விசிறி போல வரிசையாகத் தெரிந்தால் விட்டு விட்டு எரிகிறது. செல்போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துப் பார்த்தாலும் கருப்புப் பட்டைகள் காட்டிக்கொடுக்கும். 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை சோதியுங்கள். சில மானிட்டர்களில் அந்த உறுதி குறிப்பிட்ட வெளிச்சத்துக்கு மேலேதான் பொருந்தும். பழைய மானிட்டரைச் செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கும், ஓலெட் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

பேனல்களின் குணம்

1888-ல் பிராகில் இருந்த ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்று இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகுவதைக் கண்டார். முதலில் கலங்கலான திரவம், பிறகு தெளிந்த திரவம். அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். எல்சிடி திரையில் இந்தப் படிகம் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பி, பின்னொளியைக் கடத்தும் அல்லது தடுக்கும். எந்தப் பக்கமாகத் திரும்புகின்றன என்பதில்தான் பேனல் வகைகள் பிரிகின்றன. கடையில் சொல்லும் 'எல்இடி மானிட்டர்' தனி வகை அல்ல, எல்இடி விளக்கைப் பின்னால் வைத்த எல்சிடிதான்.

டிஎன் மூத்தது. 1970-ல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் காப்புரிமை கேட்ட முறை அது. மூலக்கூறுகள் ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குள் 90 பாகை முறுக்கி நிற்கும், மின்னழுத்தம் வந்ததும் நிமிரும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கும் ஒளி வேறு வேறு அளவில் வருகிறது. 24 அங்குலத் திரையின் உயரம் 30 செ.மீ.; 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், பக்கத்தின் மேல்வரியைப் பார்க்கும் கோணத்துக்கும் கீழ்வரியைப் பார்க்கும் கோணத்துக்கும் 28 பாகை வித்தியாசம். டிஎன் பேனலில் அதே வெள்ளைத் தாள் மேலே கருத்தும் கீழே வெளுத்தும் தெரிய அதுவே போதும். ஏ4 பக்கத்தை முழுசாகப் பார்க்கலாம் என்று டிஎன் மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். இடக்கண்ணும் வலக்கண்ணும் வெவ்வேறு வெளிச்சத்தைப் பார்க்கும், பத்து நிமிடத்தில் தலை சுற்றும். விளையாட்டுக்கு வேகம் வேண்டும் என்று டிஎன் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று வேகமான ஐபிஎஸ் கிடைக்கும்போது வாசிக்கிறவருக்கு டிஎன்னில் எந்த லாபமும் இல்லை.

ஐபிஎஸ் பேனலை 1996-ல் ஹிட்டாச்சி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்புகின்றன. அதனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறமும் வெளிச்சமும் அதிகம் மாறுவதில்லை. வாசிப்புக்கு இது நேரடியான பலன்: தாளின் நான்கு மூலைகளும் ஒரே வெள்ளை, நடுவரி எழுத்தும் ஓர வரி எழுத்தும் ஒரே கருமை. தலையை அசைத்தால் பக்கம் அசைவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து மெய்ப்புப் பார்க்கும் இன்னொருவருக்கும் அதே பக்கம் தெரிகிறது. நெட்டுக்குத்தாகத் திருப்பவும் இதுவே பொருந்தும்.

ஐபிஎஸ்ஸின் குறை கருப்பில் இருக்கிறது. வெள்ளைக்கும் கருப்புக்குமான விகிதம் வழக்கமான ஐபிஎஸ்ஸில் ஆயிரத்துக்கு ஒன்று; ஐபிஎஸ் பிளாக் என்ற புது வகையில் இரண்டாயிரத்துக்கு ஒன்று. இருட்டறையில் கருப்புத் திரையைப் பார்த்தால் சாம்பல் பூத்திருக்கும், மூலைகளில் ஒரு வெளிறல் தெரியும். அந்த வெளிறல் தலையை நகர்த்தினால் நகரும். அது இந்த வகைக்கே உரிய குணம். நகராமல் ஓரத்தில் ஒரே இடத்தில் வெளிச்சம் கசிந்தால் அது சட்டத்தில் பேனலைப் பொருத்தியதில் வந்த கோளாறு. அதற்கு மாற்றிக் கேட்கலாம்.

விஏ வகையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. மின்னழுத்தம் இல்லாதபோது ஒளியை நன்றாக அடைக்கின்றன. எனவே கருப்பு உண்மையிலேயே கருப்பு. விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, சிலவற்றில் அதற்கும் மேல். இரவில் விளக்கணைத்து சினிமா பார்க்கிறவர்களுக்கு நான் தயங்காமல் விஏ சொல்வேன். வாசிப்புக்குச் சொல்லத் தயங்குவேன், காரணங்கள் மூன்று. நேர்ப்பார்வை தவறினால் இடைப்பட்ட நிறங்கள் வெளுக்கின்றன. சாம்பல் நிறத்தில் போட்ட அடிக்குறிப்பு பக்கத்தின் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் தெரியும். பல விஏ பேனல்களில் ஒவ்வொரு வண்ணப் பட்டையும் இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். வெளிச்சம் குறைவான நிறங்களில் ஒரு துண்டு மட்டும் எரியும். மெல்லிய எழுத்தின் விளிம்பு அப்போது பிசிறும். மூன்றாவது, கருப்பிலிருந்து சாம்பலுக்கு மாற அதிக நேரம் எடுக்கும் மந்தம். கருப்புப் பின்னணியில் வாசித்துக்கொண்டு பக்கத்தை உருட்டினால் எழுத்துகளுக்குப் பின்னால் வால் இழுக்கும். வெள்ளைப் பின்னணியில் வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இந்த விகிதத்தை, அதாவது கான்ட்ராஸ்ட் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 300 லக்ஸ் வெளிச்சமுள்ள அறை. திரையின் வெள்ளை 120 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் அளவு). மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு சதவீதத்தைத் திரை பரவலாகத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சதவீதமே கருப்பின் மேல் ஏறத்தாழ 1 நிட்ஸைச் சேர்த்துவிடும். அப்போது ஆயிரத்துக்கு ஒன்று என்ற ஐபிஎஸ் 110 சொச்சத்துக்கும், மூவாயிரத்துக்கு ஒன்று என்ற விஏ 120-க்கும் இறங்கிவிடுகின்றன. ட்யூப்லைட் எரியும் அறையில் வாசிக்கிறவருக்கு மூன்று மடங்கு வித்தியாசம் பத்து சதவீதத்துக்கும் குறைவாகிவிடுகிறது. 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று லட்சக்கணக்கில் போடும் எண்ணோ, பின்னொளியை ஏற்றி இறக்கிக் காட்டும் வித்தை. அதைப் பார்க்கவே வேண்டாம்.

ஓலெட் திரையில் பின்னொளியே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. 1987-ல் ஈஸ்ட்மன் கோடாக்கில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் செய்து காட்டிய கருவியிலிருந்து வளர்ந்தது இது. அணைந்த பிக்சல் முழுக் கருப்பு, மாற்றம் உடனுக்குடன். படத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. எழுத்துக்கு இரண்டு இடைஞ்சல். மானிட்டரில் வரும் ஓலெட் பேனல்கள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் நேர்வரிசையில் இல்லை. குவாண்டம் டாட் ஓலெட்டில் முக்கோணமாக நிற்கின்றன. வேறொரு வகையில் நான்காவதாக வெள்ளைப் பட்டை நுழைந்துகொள்கிறது. நேர்வரிசை என்று நம்பி கிளியர்டைப் எழுதும் எழுத்தின் விளிம்பில் பச்சையும் இளஞ்சிவப்பும் கசிகின்றன. பிக்சல் அடர்த்தி 110 அளவில் இருந்தால் இது கண்ணில் உறுத்தும். 160-ஐத் தாண்டிய 4கே ஓலெட்டில் பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டாவது, ஒரே இடத்தில் மாதக்கணக்காக நிற்கும் டாஸ்க்பார், மெனு போன்றவை தடம் பதித்துவிடும். வேர்டையும் பேஜ்மேக்கரையும் நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் மேசைக்கு ஓலெட் ஏற்றதில்லை.

மினி எல்இடி என்று விற்பவை எல்சிடிகளே. பின்னொளியைப் பல நூறு கட்டங்களாகப் பிரித்து, கருப்புப் பகுதிகளில் அணைத்துவிடுகின்றன. சினிமாவுக்கு நல்லது. கருப்பில் வெள்ளை எழுத்து வாசித்தால் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். வாசிக்கும்போது அந்த வசதியை அணைத்து வையுங்கள். கிண்டிலில் உள்ள மின்மைத் திரையை மானிட்டராகவும் விற்கிறார்கள். அறை வெளிச்சத்தில் காகிதம் மாதிரியே வாசிக்கலாம், ஆனால் மெதுவாகப் புதுப்பிக்கும், விலையும் மிக அதிகம். நீண்ட வாசிப்புக்கு இரண்டாம் திரையாக வைக்கலாமே தவிர, அதை மட்டும் வைத்து வேலை பார்க்க முடியாது.

அறையும் கண்ணும்

நல்ல பேனலை வாங்கி, வந்த வெளிச்சத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். தொழிற்சாலை அமைப்பு கடைக்காக வைத்தது. 250, 300 நிட்ஸ் வரை போகும். 300 லக்ஸ் வெளிச்சம் விழும் மேசையில் ஒரு வெள்ளைத் தாள் தருவது 75 நிட்ஸ் அளவுதான். 500 லக்ஸில் 125-ஐ ஒட்டி வரும். திரை இதைப் போல மூன்று மடங்கு எரிந்தால் கண் கூசாமல் என்ன செய்யும்? ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஒன்றாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பகலில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு. காசில்லாமல் கிடைக்கும் இந்த நிவாரணத்துக்கு இணையாக எந்தப் பேனலும் இல்லை.

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். சுவரில் உயரே மாட்டிய ட்யூப்லைட் பளபளப்பான திரையில் நேராக விழும். அந்த மாதிரி அறைக்கு மேட் பூச்சுள்ள திரையே சரி. மேட் பூச்சு மிகவும் சொரசொரப்பாக இருந்தால் வெள்ளைப் பக்கத்தில் மணல் தூவியது போல மினுக்கும். கடையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து இதையும் பார்த்துவிடுங்கள்.

கருப்புப் பின்னணியில் வாசிப்பது கண்ணுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். இருட்டறையில் அது ஆறுதல் தரலாம். வெளிச்சமான அறையில் வெள்ளையில் கருப்பு எழுத்தே தெளிவு. வெளிச்சம் கூடினால் கண்பாவை சுருங்கும், உருவம் கூர்மையாகும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கருப்பில் வெள்ளை எழுத்து நிழலடித்துத் தெரிவதும் உண்டு.

நீல ஒளி பற்றி இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய 17 ஆய்வுகளை ஒருசேர அலசி 2023-ல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியை விட அவை கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அயர்ச்சிக்கு வேறொரு காரணம் உண்டு: திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறக்கிறோம், கண் காய்ந்துபோகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே இருபது அடிக்கு அப்பால் பார்த்து, நன்றாக இமைத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் மானிட்டரை மாற்றும் முன் கண் மருத்துவரிடம் போய், மானிட்டர் தூரத்தை அளந்து சொல்லிப் பவர் பார்ப்பது நல்லது. புத்தகத் தூரத்துக்கு எழுதிய கண்ணாடி 60 செ.மீ.க்குப் பொருந்தாது.

படத்துக்கும் சேர்த்து

அட்டை வடிவமைப்பும் புகைப்படமும் செய்கிறவர்கள் எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 95-க்கு மேல் இருக்க வேண்டும். மலிவு லேப்டாப்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. மாம்பழ மஞ்சளும் குங்குமச் சிவப்பும் சோகை பிடித்துத் தெரியும். அச்சுக்கு அனுப்பும் அட்டையை அதில் தீர்மானித்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஐபிஎஸ் என்ற பெயர் இதற்கு உத்தரவாதம் ஆகாது. 45 சதவீத ஐபிஎஸ்களும் ஏராளமாக விற்கின்றன. பழைய டிஎன் பேனல்கள் ஒரு நிறத்துக்கு ஆறு பிட் மட்டுமே கொண்டவை. 2,62,144 நிறங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றி மாற்றி எரித்துச் சமாளிப்பார்கள்; வானத்தின் நீலத்தில் படிப்படியாகக் கோடு விழும். எட்டு பிட் பேனல் 1.67 கோடி நிறங்களைத் தரும். அலுவலக வேலைக்கு அதுவே மிகுதி.

பெயர்களிலும் கவனம் தேவை. ஏயுஓ நிறுவனத்தின் ஏஎச்விஏ, பெயரில் விஏ இருந்தாலும் ஐபிஎஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்சங்கின் பிஎல்எஸ், பிஓஇ நிறுவனத்தின் ஏடிஎஸ் ஆகியவையும் அப்படியே. '1 மில்லிசெகண்ட்' என்று போட்டிருப்பதை வாசிக்கிறவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாறாக 75, 100 ஹெர்ட்ஸ் திரை கிடைத்தால் பக்கத்தை உருட்டும்போது எழுத்து கலங்குவது குறையும். விலை வித்தியாசம் சிறிதானால் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் ஏற்றி இறக்கும் தாங்கி இருந்தால் அதற்கும் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம்.

கடைக்குப் போகும் நாள்

பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் 10, 11, 12 பாயின்ட்டில் 'பணி பனி, மணம் மனம், எது ஏது, விடு வீடு, கொடு கோடு' என்று சில வரிகள். அடுத்த பக்கத்தில் நீங்கள் தினமும் வாசிக்கும் எழுத்துருவில் ஒரு முழுப் பக்கம். அதற்கடுத்து வெறும் வெள்ளை, வெறும் கருப்பு, ஒரு வெளிர் சாம்பல். கடைக்காரரிடம் மீன் வீடியோவை நிறுத்தச் சொல்லி இதைத் திறக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, உங்கள் மேசையில் எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்களோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசியுங்கள். 'பணி'யும் 'பனி'யும் கண்ணைச் சுருக்காமல் பிரிந்து தெரிகின்றனவா, தலையை அசைத்தால் பக்கத்தின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். தயங்காமல் கேளுங்கள், பத்தாண்டு பயன்படுத்தப்போகிற பொருள் அது.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் திருப்பி அனுப்பும் காலக்கெடுவைப் பார்த்துவிட்டு வாங்கட்டும். பெட்டி வந்த அன்றே வெள்ளை, கருப்பு, சாம்பல் பக்கங்களைத் திறந்து செத்த பிக்சலும் ஒளிக்கசிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள், பென்சில் சோதனையையும் அன்றே செய்துவிடுங்கள். மறுநாளிலிருந்து உங்கள் வழக்கமான வேலையை முழு நேரம் அதில் செய்யுங்கள். கண் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள். அதுவரை பில்லையும், பெட்டியையும், உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப் போட வேண்டாம்.